வாடகை வீட்டில் கிளி: மரவேலைப்பாட்டைக் காப்பாற்றும் வழி

இந்தியாவில் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்திலோ கூண்டிலேயே பொரித்து வளர்ந்த அதே செந்தார்ப் பைங்கிளியைத் தாராளமாக வாங்கலாம். ஊரில் வளர்க்க முடியாத பறவையை லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குடிவந்த பிறகு வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் தெரியவரும். ஊர் வீட்டில் சிமெண்ட் தரை, தேக்கு நிலை. இங்கே சுவரடி முழுக்க ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை, கதவு நிலையைச் சுற்றிய சட்டம், ஜன்னல் அடிப்பலகை எல்லாம் மெல்லிய பைன் மரம் அல்லது எம்டிஎஃப் எனப்படும், மரநாரை அழுத்திச் செய்த பலகை. கிளியின் அலகுக்கு அது ரஸ்க் மாதிரி. பத்து நிமிடம் கண்ணை எடுத்தால் விரல் நீளத்துக்குப் பெயர்ந்துவிடும்.

கடிப்பதைத் தடுக்க முடியாது. கிளி மரப்பொந்தில் கூடு வைக்கும் இனம். பொந்தின் வாயை அகலப்படுத்துவதும் பட்டையை உரிப்பதும் அதன் பிறவித் தொழில். அலகும் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்த்தாக வேண்டும். ஆகவே செய்ய வேண்டியது இரண்டுதான்: வீட்டுக்காரரின் மரத்தை மூடுவது, கிளிக்கென்று மரம் கொடுப்பது. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால், மூடாத இடத்தைத் தேடிப் போகும்.

முதலில் ஒரு வீண்வேலையைத் தவிர்த்துவிடுங்கள். மிளகாய்த் தூளைக் குழைத்து மரத்தில் தடவச் சொல்வார்கள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. அந்தக் காரத்தை உணரும் நரம்பு வாசல் பறவைகளிடம் வேறு மாதிரி அமைந்திருக்கிறது. பச்சை மிளகாயைக் கிளி ஆசையாகத் தின்பதை ஊரில் பார்த்தவர்கள்தானே நாம்! கடைகளில் விற்கும் கசப்பு ஸ்ப்ரேயும் பெரிதாக உதவாது. கிளியின் நாக்கில் சுவை மொட்டுகள் மனிதரைவிட மிகக் குறைவு. தவிர, அது தின்பதற்காகக் கடிப்பதுமில்லை.

வீடு முழுவதையும் காக்க நினைக்காதீர்கள். ஒரே அறையைக் கிளியின் அறையாக வைத்துக்கொண்டு, கூண்டுக்கு வெளியே விடுவதை அங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பார்த்தாலே எந்த இடங்களைத் தேடிப் போகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கதவின் மேல்விளிம்பு, ஜன்னல் அடிப்பலகை, மரத் திரைக்கம்பு, சோபாவின் பின்னால் இருட்டான மூலை ஆகியவைதான். இருட்டு மூலை அதற்குப் பொந்து மாதிரி. சோபாவை முன்னுக்கு இழுத்து வெளிச்சம் விழச் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஜன்னல் அடிப்பலகைக்கு எல் வடிவ அலுமினியக் கோணம் நல்லது. 25 மி.மீ.க்கு 25 மி.மீ., தடிமன் 1.5 மி.மீ. பெரிய ஹார்ட்வேர் கடைகளில் 1, 2 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். பலகையின் முன்விளிம்பை அளந்து, இரும்பறுக்கும் வாளால் வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் ராவி மழுங்கச் செய்யுங்கள். அந்தப் பிசிறு கிளியின் காலைக் கிழிக்கும். திருகு போட்டால் ஓட்டை விழும், டெபாசிட்டில் பிடிப்பார்கள். தடம் விடாமல் உரிக்க வரும் இருபக்க ஒட்டுப்பட்டையை 20 செ.மீ.க்கு ஒன்றாக, விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். பட்டை வெளியே தெரிந்தால் அதையும் உரித்து விழுங்கும். ஒட்டுமுன் பலகையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து முழுக்கக் காயவிட வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்துப் பலகைமேல் வடியும். ஈரத்தில் ஒட்டியது ஒரு வாரத்தில் கழன்றுவிடும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புத் தகடு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள், துத்தநாகம் கிளிக்கு விஷம்.

ஸ்கர்ட்டிங்குக்கு 2 மி.மீ. பாலிகார்பனேட் தாள். அக்ரிலிக் வேண்டாம், கடித்தால் கூர்மையான சில்லாக உடையும். ஸ்கர்ட்டிங்கில் அடிபடுவது அதன் மேல்விளிம்புதான், அதனால் பலகையின் உயரத்துக்கே தாளை வெட்டினால் பயனில்லை. 25 செ.மீ. உயரத்துக்கு வெட்டித் தரச் சொல்லி நிறுத்தினால், தரையில் நிற்கும் பச்சைக்கிளிக்கு விளிம்பு எட்டாது. கதவுச் சட்டத்தின் மூலைகளுக்குக் கண்ணாடி போலத் தெரியும் மூலைக்காப்பு போதும்.

கதவின் மேல்விளிம்பு தனிக் கதை. உலோகம் எதையும் மாட்டினால் கதவு மூடாது. மேலே இருப்பது சில மி.மீ. இடைவெளிதான். ஃபிளாட்டின் வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதில் கைவைக்கவே கூடாது. மரம் போவதைவிடப் பெரிய ஆபத்து, யாரோ கதவைச் சாத்தும்போது கிளியின் விரல்கள் நசுங்குவது. கிளி அங்கே போவது உயரத்துக்காக. கதவைவிட ஒரு சாண் உயரத்தில், அதே மூலையில், கூரைக் கொக்கியில் ஒரு தாங்குகட்டையைத் தொங்கவிட்டு அதில் சூரியகாந்தி விதை நாலைந்து வையுங்கள். சில நாளில் இடம் மாறும். கொக்கிக்கு வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் தரையில் நிற்கும் உயரமான தாங்கி வாங்க வேண்டும்.

கிளிக்கான மரத்தில் கஞ்சம் வேண்டாம். மரக்கடையில் இழைத்த பைன் சட்டம், மருந்து ஏற்றாதது என்று கேட்டு வாங்கி, 10 செ.மீ. துண்டுகளாக அறுத்து, 8 மி.மீ. துளையிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். பச்சைக்கிளிக்கு 10 மி.மீ. தடிமன் சரி. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 20 முதல் 40 வரை வேண்டும். லவ்பேர்டுக்கு பால்சா என்ற மிக மென்மையான மரம். மரம் கடினமாக இருந்தால் கிளி சலித்துப்போய்ப் பழைய ஸ்கர்ட்டிங்குக்கே திரும்பும். அரைமணியில் சிதறும் மரம்தான் அதற்குப் பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு முறை புதுத் துண்டு மாட்டுங்கள். வில்லோ, ஹேசல், ஆப்பிள் கிளைகள் மருந்தடிக்காத தோட்டத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. பட்டையோடு கொடுங்கள். யூ, லபர்னம், ரோடோடென்ட்ரான் மூன்றும் விஷம். லண்டன் வேலிகளிலும் தோட்டங்களிலும் இவை சாதாரணம் என்பதால் பெயர் தெரியாத கிளையை எடுக்காதீர்கள். சரக்கு அடுக்கும் மரப் பலகையை (பேலட்) உடைத்துத் தரலாம், ஆனால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, ‘எம்பி’ என்றால் மீத்தைல் புரோமைடு நச்சுப் புகை போட்டது. தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காயின் சிரட்டையும் நல்ல விளையாட்டுச் சாமான்தான். நீண்ட நாரை மட்டும் நீக்கிவிடுங்கள், விரலில் சுற்றிக்கொள்ளும்.

கடிக்கும்போது கத்தாதீர்கள். நீங்கள் போடும் சத்தம் அதற்கு உற்சாகம். பேசாமல் கையில் ஏற்றி, அதன் மரத்துண்டிடம் கொண்டுபோய் விடுங்கள்.

வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் காலை 4:45 வாக்கில் எழுந்து இரவு 9:20 வரை இருக்கும். நீண்ட பகல் இனப்பெருக்க உந்துதலைக் கிளப்பும், கடியும் கூடும். தடித்த கறுப்புத் திரை போட்டு 10 முதல் 12 மணி நேரம் இருட்டுத் தூக்கம் கொடுங்கள். பெண் பச்சைக்கிளிக்குக் குளிர்காலக் கடைசியிலிருந்தே இந்த வேகம் வந்துவிடும்.

பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு டெபாசிட்டைவிடக் கவலைப்பட வேண்டியது ஈயம். விக்டோரியா, எட்வர்டு காலத்து வரிசை வீடுகளிலும் 1930களின் வீடுகளிலும் வெள்ளைப் பூச்சின் கீழ் அடுக்குகளில் ஈய பெயிண்ட் இருக்க வாய்ப்பு அதிகம். சில திரைச்சீலைகளின் அடிமடிப்பிலும் ஈயக்குண்டு தைத்திருக்கும், அதைப் பிரித்து எடுத்துவிடுங்கள். பெயிண்டைச் சோதிக்கும் பொட்டலம் கடையில் கிடைக்கிறது. ஈயம் என்று காட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூசி குழந்தைகளுக்கும் கெடுதல். வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கிளி சோர்ந்து, வாந்தி எடுத்து, எச்சம் கடும்பச்சையாகவோ ரத்தம் கலந்தோ போனால், பறவை பார்க்கும் மருத்துவரிடம் அன்றே ஓட வேண்டும். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் நேரத்தைப் போக்காதீர்கள்.

காகித வேலையைப் பறவை வாங்குமுன் முடியுங்கள். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகைதாரர் செல்லப்பிராணி வளர்க்க எழுத்தில் அனுமதி கேட்டால், வீட்டுக்காரர் பொதுவாக 28 நாளுக்குள் பதில் தர வேண்டும். நியாயமான காரணமின்றி மறுக்க முடியாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவென்றால் டெபாசிட் 5 வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு ஏற்ற திட்டமொன்றில் பதிந்திருக்க வேண்டும். சாவி வாங்கிய நாளே எல்லா ஸ்கர்ட்டிங்கையும் நிலையையும் தேதியோடு படமெடுங்கள். முன்பிருந்தவரின் நாய் கீறியதற்கு உங்கள் கிளி பதில் சொல்ல வேண்டியதில்லை.

கடிபட்ட இடத்தை வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் சரிசெய்யப் பார்த்தால் நடக்காது, குறைந்தது 3 வாரம் முன்பே தொடங்குங்கள். பெயிண்டில் ஈயமில்லை என்று உறுதியான பிறகு, நார்நாராகத் தொங்குவதைக் கத்தியால் சீவுங்கள். இரண்டு பாகமாக வரும் மரப் புட்டியில், கோல்ஃப் பந்து அளவுக்குப் பட்டாணி அளவு இறுக்கியைக் கலந்து சற்று மேடாக நிரப்புங்கள். இறுக்கி கூடினால் கையிலேயே கல்லாகிவிடும், அதனால் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். இறுகியதும் 120, பிறகு 240 உப்புத்தாள், பிரைமர் ஒரு கோட், சாட்டின்வுட் எனப்படும் வெள்ளை மர பெயிண்ட் இரண்டு கோட். பூச்சு வாசனை பறவையின் நுரையீரலுக்கு ஆகாது. வேலை தொடங்குமுன் கூண்டை வேறு அறைக்கு மாற்றி, வாசனை முழுக்க அடங்கும்வரை, குறைந்தது 2 நாளாவது அங்கேயே வையுங்கள்.