'விளங்கின மாதிரி' வாசிப்பு

இலங்கையின் கிழக்கில் பல்கலைக்கழகங்கள் உள்ள வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ வந்து சேரும் பிள்ளைகளில் பலர் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். கெம்பஸில் கையில் கிடைக்கும் டியூட், அதாவது பாடக்குறிப்புத் தாள், ஆங்கிலத்தில் இருக்கும். உடனே பென்சிலை எடுத்து, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே தமிழ்க் கருத்தை எழுதத் தொடங்கிவிடுவார்கள். "விளங்கிச்சா தங்கச்சி?" என்று கேட்டால், "ஓம் அக்கா, விளங்கின மாதிரித்தான் இருக்கு" என்பார்கள். அந்த 'மாதிரி'க்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ஒரு மாணவியின் தாளில் நெல் விளைச்சல் பற்றிய பந்தி. 'த யீல்ட் ஹார்ட்லி சேஞ்ச்ட்' என்று இருந்தது. 'ஹார்ட்லி'க்கு மேலே 'கடினமாக' என்று எழுதியிருந்தாள். வசனம் சொல்வதோ, விளைச்சல் மாறவில்லை என்றே சொல்லலாம் என்பதை. அடுத்த பந்தி, விளைச்சல் ஏன் மாறவில்லை என்றே தொடங்குகிறது. வயல்காரரின் மகள், அங்கே ஒரு கணம் நின்றிருந்தால் தானே பிடித்திருப்பாள். சொல் தெரியாமற்போனது பெரிய பிழையல்ல. முட்டுகிற இடத்தில் நிற்காமல் போனதுதான் பிழை.

தன் விளக்கத்தைத் தானே கவனிக்கும் இந்தப் பழக்கத்துக்கு அமெரிக்க உளவியலாளர் ஜோன் பிளாவெல் 1970களில் 'மெட்டாகொக்னிஷன்' என்று பெயர் வைத்தார். வாசிக்கமுன் திட்டமிடுவது, வாசிக்கும்போது கண்காணிப்பது, முடிந்தபின் மதிப்பிடுவது எல்லாம் இதற்குள் வரும்.

ஆகவே முதல் வாசிப்பில் அகராதியைத் திறக்காதீர்கள். தெரியாத சொல்லின் கீழ் ஒரு புள்ளி போதும். பந்தி முடிந்ததும், வழியை மறிக்கிற சொல்லை மட்டும் பாருங்கள். 'அன்லெஸ்' (இல்லாவிட்டால்), 'ஆல்தோ' (என்றாலும்) போன்ற சின்னச் சொற்களை மட்டும் தாண்டிப் போகவேண்டாம். வசனத்தின் திசையைத் திருப்புவது அவைதான்.

தலைப்பையும் உபதலைப்புகளையும் பார்க்காமல் நேரே முதல் வரியில் குதிப்பதும், எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் வாசிப்பதும் வழமையான தவறுகள்.

மஞ்சள் ஹைலைட்டரை நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2013இல் உளவியலாளர் டன்லொஸ்கியும் சகாக்களும் பத்துக் கற்றல் முறைகளை மீளாய்வு செய்தபோது, கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் பயன் குறைந்தவை என்றும், தன்னைத்தானே சோதிப்பது பயன் மிக்கது என்றும் கண்டார்கள்.

"தமிழில் யோசிக்காதே" என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஒரு பந்தியை அம்மாவுக்குச் சொல்வதுபோல் நம் பேச்சுத் தமிழில் ஒரு வரியில் சொல்ல முடிந்தால், அது விளங்கிவிட்டது. கூகுள் மொழிபெயர்ப்பை அதற்குப் பிறகு சரிபார்க்கத் திறக்கலாம், முன்னரல்ல.

இன்றைக்கு அரைப் பக்கம் வாசித்துவிட்டுத் தாளை மூடுங்கள். மூன்று வரி எழுதுங்கள். பிறகு திறந்து, விடுபட்டதை வேறு நிறப் பேனையால் பக்கத்தில் எழுதுங்கள்.