மரபணு வரிசைப் பட்டியல்: காப்புரிமை விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் கழிமுகச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவின் நொதிக்கோ, வடசென்னைக் கல்லூரி ஆய்வகத்தில் வடிவமைத்த ப்ரைமருக்கோ (டி.என்.ஏவை நகலெடுக்கத் தொடக்கமாக உதவும் சிறு துண்டு) காப்புரிமை கோரும்போது, மரபணு, புரத வரிசைகளை எழுத்தெழுத்தாகத் தரும் வரிசைப் பட்டியலை முழுவதுமாகக் காப்புரிமை ஏஜென்ட்டின் பொறுப்பில் விட்டுவிடுவது சரியன்று. அந்தப் பட்டியல் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு ஆய்வு செய்தவரால் மட்டுமே விடை சொல்ல முடியும்.

முதல் குழப்பம் தேதியைப் பற்றியது. 2022 ஜூலை 1 முதல் தாக்கலாகும் சர்வதேச விண்ணப்பங்களுக்கு, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் எஸ்.டி.26 தரப்படி எக்ஸ்.எம்.எல் கோப்பே தேவை. 2022 ஏப்ரலில் பழைய எஸ்.டி.25 வடிவில் முதல் விண்ணப்பம் செய்தவர், அதன் முன்னுரிமையை (முதல் விண்ணப்பத் தேதியின் பலனை) கோரி 2023 மார்ச்சில் சர்வதேச விண்ணப்பம் செய்திருந்தாலும் புதிய வடிவமே பொருந்தும்; முன்னுரிமைத் தேதி இதில் கணக்கில் வராது.

அதிகம் தவறுவது எண்ணிக்கையில்தான். திட்டவட்டமாகக் குறிக்கப்பட்ட நியூக்ளியோடைடுகள் (டி.என்.ஏ, ஆர்.என்.ஏவின் அலகுகள்) 10 அல்லது அதற்கு மேல் இருந்தால், புரதத்தின் அலகான அமினோ அமிலமானால் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த வரிசை பட்டியலில் இடம்பெற வேண்டும். குறைந்தால் இடம்பெறவே கூடாது. திட்டவட்டமாகச் சொல்லாத நியூக்ளியோடைடைக் குறிக்கும் 'என்' எழுத்தும், அத்தகைய அமினோ அமிலத்தைக் குறிக்கும் 'எக்ஸ்' எழுத்தும் இந்தக் கணக்கில் சேரா. ஆகவே மூன்று 'என்' கொண்ட 12 எழுத்து ப்ரைமரில் தேறுவது 9 மட்டுமே. அதைச் சேர்ப்பது பிழை. ஆனால் 'ஆர்', 'ஒய்' போன்ற இருபொருள் குறியீடுகள் (இரு நியூக்ளியோடைடுகளில் ஒன்றைக் குறிப்பவை) கணக்கில் சேரும். எல்லோருக்கும் தெரிந்த ப்ரைமர்தானே என்றோ, படத்தில்தானே இருக்கிறது என்றோ விட்டுவிடவும் கூடாது. எழுத்தெழுத்தாக வெளிப்படுத்தினால் அது எங்கிருந்தாலும் விதி பொருந்தும்.

ஆர்.என்.ஏ வரிசையில் 'யு' இடாமல் 'டி' இட வேண்டும். நியூக்ளியோடைடுகள் சிற்றெழுத்திலும், அமினோ அமிலங்கள் ஓரெழுத்துக் குறியீடாகப் பேரெழுத்திலும் அமைய வேண்டும்; பழைய மூன்றெழுத்து முறை செல்லாது.

விளக்கமின்றி இடப்படும் 'எக்ஸ்' பெரிய ஆபத்து. அந்த இடத்தில் அலனைனோ கிளைசினோ மட்டுமே வரும் என்று ஆய்வாளர் கருதியிருக்கலாம். ஆனால் குறிப்பு இல்லாவிட்டால், தரம் ஏற்கும் அமினோ அமிலங்களில் எதுவும் வரலாம் என்றே அது பொருள்கொள்ளப்படும். உயிரினப் பெயரும் கட்டாயம். பேரினம் மட்டும் தெரிந்தால் அதன் லத்தீன் பெயருடன் 'எஸ்பி.' என்ற சுருக்கத்தைச் சேர்க்க வேண்டுமே தவிர, ஊகித்த சிற்றினப் பெயரை எழுதக் கூடாது.

வைப்போ சீக்வென்ஸ் என்னும் இலவச மென்பொருள் இவ்வடிவத்தில் கோப்பை உருவாக்கி, வடிவப் பிழைகளையும் சுட்டிக்காட்டும். ஆயினும் விண்ணப்பத்தின் விவரிப்பில் இருந்தும் பட்டியலில் விடுபட்ட வரிசையை அது அறியாது. இரண்டையும் அருகருகே வைத்து மனிதர்தான் ஒப்பிட வேண்டும். இதை விண்ணப்பிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். சர்வதேச விண்ணப்பத்தில், முந்தைய கண்டுபிடிப்புகளைத் தேடும் பணிக்காகப் பின்னர் தரப்படும் பட்டியல் அத்தேடலுக்கு மட்டுமே பயன்படும். அது விண்ணப்பத்தின் பகுதியாகாது.