ப்ளாட்டர் மக்கர் பண்ணும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ஆபீஸில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ப்ளாட்டரில், அதாவது பெரிய வரைபடங்களை ரோல் பேப்பரில் அச்சடிக்கும் மெஷினில், வரைபடம் சரியாக வரவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவர் யோசிக்காமல் ஹெட் க்ளீனிங் (மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்வது) கொடுத்துவிடுவார். வெள்ளைக் கோடு விழுந்தாலும் க்ளீனிங், எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலும் க்ளீனிங். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை. ஒவ்வொரு க்ளீனிங்கிலும் நல்ல மையை இழுத்துக் கழிவு மை டப்பாவில் கொட்டுகிறது என்பது, டப்பா நிரம்பி மெஷின் நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அதுவும் ப்ளான் அப்ரூவலுக்குக் கொடுக்க வேண்டிய நாளில்.

மெஷினைத் தொடுவதற்கு முன்னால் தாளைப் பாருங்கள். ஹெட் தாளின் அகலவாக்கில் போய் வருகிறது. அதனால் ஹெட்டில் மை வரும் நுண்துளையான நாசில் அடைத்துக்கொண்டால் வெள்ளைக் கீற்றும் அகலவாக்கில்தான் விழும். ஒரு நாசில் செக், அதாவது ஒவ்வொரு நிறத்தையும் கோடு கோடாகக் காட்டும் சோதனை, அடித்துப் பாருங்கள். எந்த நிறத்தில் கோடு விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே விடுபட்டிருந்தால் மட்டும் க்ளீனிங். இரண்டு மூன்று தடவை செய்தும் சரியாகவில்லையா, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். காய்ந்த மை ஊறிக் கொடுப்பது உண்டு. ஊசி, ஸ்பிரிட் என்று இறங்கினால் ஹெட்டுக்கே உலை.

நாசில் செக் முழுசாக இருந்தும் சீரான இடைவெளியில் பட்டை பட்டையாக வந்தால், குற்றம் மையில் இல்லை. தாள் நகரும் அளவு பிசகியிருக்கிறது. ரோலில் 80 ஜிஎஸ்எம் சாதா பாண்ட் பேப்பரைப் போட்டுவிட்டு, பேனலில் பேப்பர் வகையைப் போன வாரம் போட்ட கோட்டட் பேப்பர் என்றே விட்டு வைத்திருப்போம். முதலில் அதைச் சரிபாருங்கள், அப்புறம் பேப்பர் ஃபீட் அட்ஜஸ்ட்மென்ட். நேர்க்கோடு இரட்டையாகவோ படிக்கட்டு மாதிரியோ தெரிந்தால் ஹெட் அலைன்மென்ட் (ஹெட் மை போடும் இடத்தை நேர்செய்வது). அதற்கும் அடங்காவிட்டால், ஹெட் ஓடும் பாதையில் நீளமாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அதில் மைத்தூசி படிந்திருக்கலாம். ஹெட் தன் இடத்தைத் தெரிந்துகொள்வதே அந்தப் பட்டையைப் படித்துத்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நூல் பிரியாத துணியை லேசாக நனைத்து, பட்டையை இழுக்காமல் துடையுங்கள்.

சாயங்காலம் ஆபீஸைப் பூட்டுகிறவர் மெயினை அணைத்துவிட்டுப் போவது இன்னொரு வினை. பேனல் பட்டனில் அணைத்தால் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடியில் உட்காரும். ப்ளாட் ஓடும்போது சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும், மை காயும். கரண்ட் போகும் ஊரில் ஒரு யுபிஎஸ் போட்டுவிடுவது ஹெட் வாங்குவதை விட மலிவு.

மழைக்காலத்தில் பாதி தீர்ந்த ரோலைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் ஓரம் அலை அலையாக எழும்பி ஹெட்டில் உரசும். பாலிதீன் உறையில் போட்டு வையுங்கள், போதும்.

பெரிய பிடிஎஃப் அனுப்பினால் மெஷின் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். அது வேலைநிறுத்தம் இல்லை, கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில் பொறுமையிழந்து ஐந்து தடவை ப்ரின்ட் கொடுத்தால் ஐந்தும் வரும். ஏ0 அளவுத் தாள் ஒன்று 1189 மி.மீ. நீளம். ஐந்து என்றால் கிட்டத்தட்ட 6 மீட்டர் பேப்பர் தரையில் கிடக்கும். உண்மையிலேயே சிக்கியிருந்தால் வரிசையில் இருப்பதை எல்லாம் ரத்து செய்து, கணினியில் ஸ்பூலரை (ப்ரின்ட் வரிசையைக் கவனிக்கும் மென்பொருள்) ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஒரே ஒரு தடவை அனுப்புங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோளாறு. எனக்கு உண்மையில் பயம் கொடுப்பது, அழகாக அச்சாகி அளவு தப்பி வரும் ப்ளாட்தான். ப்ரின்ட் விண்டோவில் ‘ஃபிட்’ என்று இருந்தால், ஓரத்தில் இடம் விடுவதற்காகப் படத்தைச் சில சதவீதம் சுருக்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. 1:100 படத்தில் 10 மீட்டர் சுவர் 100 மி.மீ. இருக்க வேண்டும். அது 97 ஆக வந்து, சைட்டில் யாராவது ஸ்கேல் வைத்து அளந்தால் 30 சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று கொடுங்கள். 24 அங்குல ரோலில் ஏ1 வரை முழு அளவில் அடிக்கலாம். ஏ0-வுக்கு 36 அங்குலம் வேண்டும்.

எங்கள் ட்ராஃப்ட்ஸ்மேன் அண்ணன் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து வைத்திருப்பார். ப்ளாட் வெட்டி விழுந்ததும் நிறத்தை, எழுத்தை எல்லாம் பார்க்கமாட்டார். பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அந்தக் கோட்டின்மேல் வைப்பார். 100 இருந்தால்தான் தாளை மடிக்கவே விடுவார்.