கடன் வசூல்காரர் ‘கோர்ட்’ என்று மிரட்டும்போது பலரும் செய்யும் தவறுகள்

“இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பணம் வரலேன்னா உங்க மேல கேஸ் ஃபைல் ஆயிடும். வாரண்டோட வீட்டுக்கு ஆள் வரும்.” தனிநபர் கடனிலோ கிரெடிட் கார்டிலோ இரண்டு மூன்று தவணை தவறியவர்கள் பலருக்கும் இந்தப் பேச்சு பழக்கமானதுதான். இதைக் கேட்டதும் ஒருவர் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறார். இன்னொருவர் சிம் கார்டை மாற்றிவிட்டு, வீட்டுக்கு வரும் பதிவுத் தபாலையும் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார். இருவருக்குமே நஷ்டம்தான். ஆனால் இரண்டாமவர் மாட்டிக்கொள்ளும் சிக்கல் பெரியது.

போனில் வரும் மிரட்டலையும் கோர்ட்டிலிருந்து வரும் காகிதத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் மற்ற எல்லாத் தவறும் தொடங்குகிறது. வசூல் ஏஜென்டுக்கு யாரையும் கைது செய்யவோ, சம்பளத்தைப் பிடிக்கவோ, வீட்டுப் பொருளைத் தூக்கவோ அதிகாரம் கிடையாது. கோர்ட்டுக்கு உண்டு. அதனால் முன்னவரிடம் பதறாமல் பேசலாம். பின்னதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

‘ஜெயில்’ என்றதும் நம்பிவிடுவது

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றம் ஆகாது. அது சிவில் விவகாரம். கடன் கொடுத்தவர் வழக்குப் போட வேண்டும், உங்களுக்குச் சம்மன் வர வேண்டும், நீங்கள் பதில் மனு போட வேண்டும், சாட்சி ஆவணங்களைப் பார்த்து நீதிமன்றம் தீர்ப்பாணை தர வேண்டும். அதற்குப் பிறகும் பணம் வரவில்லை என்றால்தான் நிறைவேற்று மனு, ஜப்தி என்ற பேச்சே வரும். இன்று போன் பண்ணி நாளை வாரண்ட் வரும் வழி இதில் எங்குமே இல்லை.

பண வழக்கின் தீர்ப்பாணையை நிறைவேற்ற ஒருவரைச் சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் இருப்பது உண்மை. ஆனால் கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர், சொத்தை மறைத்தவர் போன்றவர்களுக்குத்தான் அது. ஏழ்மையால் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. பெண்களைப் பணத் தீர்ப்பாணைக்காகக் கைது செய்யவே முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு அதைத் தடுக்கிறது. “உங்க வீட்டம்மாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார்.

ஜப்தியிலும் எல்லை உண்டு. அதே சட்டத்தின் 60-வது பிரிவுப்படி உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழில் கருவி, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றைத் தொட முடியாது. நம் ஊரில் தாலி இந்தக் கடைசி வகை. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பிடித்தத்துக்கு அப்பாற்பட்டவை.

“420-ல கேஸ் போட்டிருக்கோம்” என்பது இன்னொரு வழக்கமான வசனம். மோசடிப் பிரிவு பொருந்த வேண்டுமானால் கடன் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். போலிச் சம்பளச் சீட்டு கொடுத்து வாங்கியிருந்தால் அது வேறு கதை. வேலை போய்த் தவணை நின்றது மோசடி இல்லை. அப்புறம், 2024 ஜூலை 1 முதல், மோசடிக்கான 420-வது பிரிவு இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐபிசி) இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் ஏமாற்றுக் குற்றம் 318-வது பிரிவில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு ‘ஐபிசி 420’ என்று நோட்டீஸ் வந்தால், அதைத் தயாரித்தவர் பழைய வார்ப்புருவில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

காகிதத்தைப் படிக்காமலே பயப்படுவது

வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வருகிறது. மேலே அசோகச் சின்னம், நடுவில் சிவப்பு எழுத்தில் ‘இறுதி எச்சரிக்கை’, கீழே ஒரு மொபைல் எண். நிதானமாகப் படியுங்கள். எந்த ஊர், எந்த நீதிமன்றம்? வழக்கு எண், ஆண்டு இருக்கிறதா? ஆஜராக வேண்டிய தேதி என்ன? இவை எதுவும் இல்லாமல் “உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்” என்று மட்டும் இருந்தால் அது கோர்ட் காகிதம் அல்ல. கோர்ட் யாரையும் தன் மொபைலுக்குக் கூப்பிடச் சொல்லாது.

வக்கீல் நோட்டீஸ் என்பது வேறு. அது உண்மையானதாக இருக்கலாம். ஆனால் வழக்குப் போடப்போகிறோம் என்ற முன்னறிவிப்புதான், வழக்கு அல்ல. அதற்குப் பதில் எழுதுவது நல்லது. சம்மன் வழக்கமாகப் பதிவுத் தபாலிலோ, கோர்ட் அமீனா கையிலோ, வழக்கு மனுவின் நகலோடு வரும்.

வழக்கு நிஜமா என்று பார்க்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் மாநிலம், மாவட்டம், நீதிமன்றம் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைப் போட்டுத் தேடலாம். பதிவான ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. ஏஜென்டிடமே கேளுங்கள்: “கேஸ் ஃபைல் ஆயிடுச்சுன்னா சி.என்.ஆர். நம்பர் சொல்லுங்க சார், பாத்துக்கறேன்.” பெரும்பாலும் பேச்சு அங்கே வேறு பக்கம் திரும்பிவிடும்.

நிஜமான காகிதத்தை ஒதுக்குவது

எல்லாமே மிரட்டல்தான் என்று பழகிப்போனவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். தபாலை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. வாங்க மறுத்ததாகத் தபால்காரர் குறிப்பெழுதித் திருப்பினால், சம்மன் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியும். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை. கேட்ட தொகை, போட்ட வட்டி, சேர்த்த அபராதம் எதையும் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் அப்படியே உறுதியாகிவிடும். அதை நீக்கக் கோர 30 நாள்தான் அவகாசம், தகுந்த காரணமும் காட்ட வேண்டும்.

சாதாரண வழக்கில் பதில் மனுவுக்கு 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. கடன் பத்திரம், புரோநோட்டு போன்றவற்றின் பேரில் போடும் சுருக்கமுறை வழக்கில், ஆஜராவதாகத் தெரிவிக்க வெறும் 10 நாள்தான். சம்மனைக் கையில் வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

செக் விவகாரத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே ‘ஜெயில்’ என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு வரும். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் குற்றம் ஆகாது. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் புகார் தாக்கல் செய்யலாம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் கோர்ட் சம்மனை மதிக்காமல் இருந்தால் வாரண்ட் நிஜமாகவே வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் உத்தரவு பணமில்லாமல் திரும்பினாலும், 2007-ம் ஆண்டு பணம் செலுத்தல் மற்றும் தீர்வு அமைப்புகள் சட்டத்தின் 25-வது பிரிவில் இதே மாதிரி நடவடிக்கை உண்டு. “வெத்துச் செக்தானே கொடுத்தேன், செல்லாது” என்பதும் தவறான நம்பிக்கை. கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை மற்றவர் நிரப்பினாலும் சட்டத்தின் அனுமானம் அவர் பக்கம்தான் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதிகம் பேர் ஏமாறுவது ஆர்பிட்ரேஷன் நோட்டீஸில், அதாவது கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் முறையில். ‘கோர்ட் இல்லையே’ என்று ஒதுக்கிப் போட்டுவிடுகிறார்கள். கடன் ஒப்பந்தத்தில் அந்த விதி இருந்தால், நடுவர் தரும் தீர்ப்பும் கோர்ட் தீர்ப்பாணை போலவே நிறைவேறும். கடன் கொடுத்த நிறுவனமே தன் விருப்பப்படி ஒரே நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் வந்த தீர்ப்பு உங்களுக்கு உதவும். ஆனால் அந்த ஆட்சேபத்தை நீங்கள் எழுதி அனுப்பினால்தானே உதவும்! தீர்ப்பை ரத்து செய்யக் கோருவதற்கும் பொதுவாக 3 மாதம்தான்.

லோக் அதாலத் (சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம்) அழைப்பைப் பார்த்து நடுங்க வேண்டாம், போகலாம். அங்கே சமரசத்துக்கு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது தீர்ப்பாணை, மேல்முறையீடு கிடையாது. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போடாமல் அங்கே போகாதீர்கள்.

வீட்டை அடமானம் வைத்த கடன் என்றால் கணக்கே வேறு. சர்ஃபேசி சட்டப்படி வங்கி கோர்ட்டுக்கே போகாமல், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கையில் இறங்கலாம். அந்த நோட்டீஸ் வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

பேச்சில் கொடுக்கும் வாக்கும், அவசரமாகக் கட்டும் பணமும்

தொல்லை நிற்கட்டும் என்று ஏஜென்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. கடன் கணக்கில் அது ஏறாமலே போனால் நிரூபிப்பது உங்கள் பாடு. பணம் கட்டுவது கடன் கணக்குக்கு மட்டும்தான், ரசீதோடு. இதைவிட மோசம், ஒரு ஆப்பில் வாங்கி இன்னொரு ஆப்பை அடைப்பது. கடன் தீராது, மிரட்டுபவர்கள் எண்ணிக்கைதான் கூடும்.

பழைய கடன் என்றால் காலவரம்பைப் பாருங்கள். பிணையில்லாக் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, எழுத்துப் பதிவோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். காலம் கடந்த பிறகு ‘கட்டிவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி அது செல்லுபடியாகும் புது ஒப்பந்தம். வாங்கிய கடனைக் கட்ட முடிந்தவர் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாசற்படியில் நின்று ஒருவர் நீட்டும் தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அத்துமீறலைச் சகித்துக்கொள்வது

கடன் பாக்கி இருக்கிறது என்பதால் வாயைத் திறக்க உரிமை இல்லை என்று பலர் குறுகிப்போகிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அதைப் பார்க்க. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் விடுத்த உத்தரவுப்படி, வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், கடன் படிவத்தில் பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதமும் இருக்க வேண்டும். காட்டாதவரிடம் கடனைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜாமீன் கையெழுத்தோ, கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்தோ போடாத தம்பியும் மாமனாரும் உங்கள் கடனுக்குப் பொறுப்பாளி இல்லை.

அழைப்பு வந்த தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் பதிவு செய்யுங்கள். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் இணையத்தில் புகார் செய்யலாம், தகவலுக்கு 14448. அடிப்பேன், படத்தை மார்ஃபிங் செய்வேன் என்றால் நேராகப் போலீஸ்தான். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டிக்காரரிடம் சிக்கியிருந்தால் தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். அவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு.

செட்டில்மென்ட்டில் காகிதம் வாங்காமல் விடுவது

“எழுபதாயிரம் கட்டுங்க, முடிச்சிடலாம்” என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து மீதித் தொகைக்கு வேறொரு ஏஜென்சியிடமிருந்து போன் வரும். முதலில் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். கடன் எண், கட்ட வேண்டிய தொகை, தேதி, அதோடு முழுக் கடனும் தீர்ந்தது என்ற வரி, நடக்கும் வழக்கை வாபஸ் பெறுவதாக வாக்கு — இத்தனையும் அதில் இருக்க வேண்டும். கட்டிய பிறகு நிலுவையில்லாச் சான்று, கொடுத்திருந்த செக்குகள், பத்திரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். குறைத்துக் கட்டினால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றுதான் பதிவாகும். அடுத்த கடன் கிடைப்பது கொஞ்ச காலம் சிரமமாக இருக்கும். அது தெரிந்தே முடிவெடுங்கள்.

தீர்ப்பாணை ஆன பிறகு கோர்ட்டுக்கு வெளியே பணம் கட்டினால் இன்னொரு வேலையும் இருக்கிறது. பணம் வந்துவிட்டது என்று கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே 30 நாளுக்குள் மனுப் போட்டுப் பதிவு செய்யக் கேட்கலாம். பதிவாகாத பணத்தை, தீர்ப்பாணையை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.