விண்டோஸ் 11 ஏற மறுக்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. சரி, 11க்கு மாறிவிடலாம் என்று உட்கார்ந்தால் நடுவில் ஏதாவது ஒன்று மறிக்கும். பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

படி 1: கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் (விண்டோஸ் திறக்கும் முன்பே போகக்கூடிய கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கை வைத்ததும் கணினி அதைக் கேட்கலாம். அப்போது சாவி அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தால் என்ன பயன்?

படி 2: "தகுதியில்லை" என்று வந்தால் முதலில் பிராசஸரைப் பாருங்கள். ஐ5-7200யூ என்றிருந்தால் கோட்டுக்கு அடுத்த 7தான் தலைமுறை. இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் 11க்கு அனுமதி. அதற்கும் பழையதில் குறுக்குவழியாக ஏற்றச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். வேலைக்குப் பயன்படுத்தும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

பிராசஸர் சரியாக இருந்தும் மறுத்தால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அணைந்திருக்கலாம். பயாஸுக்குள் போய் இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி, ஆன் செய்து சேமியுங்கள். அங்கே கணினி தொடங்கும் முறை 'லெகசி' என்று இருந்தால் அதை மட்டும் அவசரப்பட்டு 'யூஇஎஃப்ஐ' ஆக்காதீர்கள். டிஸ்க்கின் பகுதிகளைப் பதிந்துவைக்கும் முறை பழைய எம்பிஆர் ஆக இருந்தால் விண்டோஸே திறக்காது. முதலில் அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும்.

படி 3: சி டிரைவில் 25 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு பெட்டி வரும். அதில் டிக் போட்டால் நீங்கள் இறக்கி வைத்ததெல்லாம் போய்விடும்.

படி 4: பாதி ஏறி, பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறதா? பிழை எண்ணில் சி1900101 இருந்தால் டிரைவரை, அதாவது கருவிகளை இயக்கும் மென்பொருளை, சந்தேகியுங்கள். மாமாவின் கடைக் கணினி மூன்று முறை இப்படித் திரும்பியது. பின்னால் குனிந்து பார்த்தால் பில் பிரின்டர், பார்கோடு ஸ்கேனர், தூசி படிந்த ஒரு பழைய வைஃபை டாங்கிள். கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் பிடுங்கினேன். தனியாகப் போட்டிருந்த ஆன்டிவைரஸையும் நீக்கினேன். நான்காவது முறை ஏறிவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்ததில், டாங்கிளுக்கு மட்டும் புது டிரைவர் தேவைப்பட்டது.

ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நின்றாலும் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கினால் வேலை நடக்கிறது என்றே அர்த்தம். பவர் பட்டனைத் தொடாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில், மேசைக் கணினி என்றால் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

படி 5: ஏறியபின் பிடிக்கவில்லையா? பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி, 'கோ பேக்' என்று போய்த் திரும்பலாம். அதுவரை சி டிரைவில் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் எவ்வளவு இடம் அடைத்தாலும் அழிக்காதீர்கள். பழைய விண்டோஸ் அதற்குள்தான் இருக்கிறது.