விரிதாளில் ஒரு நியூரான்: கணினி நரம்பியலுக்குள் நுழைய ஒரு செய்முறை

நரம்புகளின் வேலையைக் கணித மாதிரிகளால் ஆராயும் கணினி நரம்பியலுக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் பைத்தான் நிரல்மொழியையும், நியூரான்களைப் போலிசெய்யும் மென்பொருளான ஒரு சிமுலேட்டரையும் நிறுவி, ஆயிரம் நியூரான்கள் (நரம்பணுக்கள்) கொண்ட வலையமைப்பை ஓட்டிப் பார்ப்பதில் தொடங்குகிறார்கள். திரையில் புள்ளிகள் ஓடும், ஆனால் அவை சரியா தவறா என்று சொல்லத் தெரியாது. அதனால் இங்கே ஒரே ஒரு நியூரானை விரிதாளில் கட்டுவோம். ஒவ்வொரு எண்ணும் கண்முன்னே இருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் காகிதக் கணக்கோடு ஒப்பிட்ட பிறகே அடுத்ததற்குப் போவோம்.

1952இல் பிரிட்டிஷ் உடலியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெருநரம்பிழைக்குச் சமன்பாடுகள் எழுதியபோது, கேம்பிரிட்ஜின் கணினி அந்த நேரத்தில் கிடைக்காததால், ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கிடும் இயந்திரத்தில் படிப்படியாகக் கணக்கிட்டார். விரிதாளின் வரிசைகள் செய்வதும் அதே வேலைதான். நாம் எடுப்பது அவர்களுடையதைவிட எளிய மாதிரி. அதன் வேர் பிரெஞ்சு உடலியலாளர் லூயி லாபிக் 1907இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது.

மாதிரி இதுதான். நியூரானின் சவ்வு ஓட்டைக் குடம் போன்றது: உள்ளே வரும் மின்னோட்டம் அதை நிரப்புகிறது, கசிவு அதை ஓய்வு மின்னழுத்தத்துக்கு இறக்குகிறது. மின்னழுத்தம் ஒரு வாசலைத் தொட்டால் ஒரு ஸ்பைக் (நியூரான் அனுப்பும் குறுகிய மின்துடிப்பு) என்று குறித்துக்கொண்டு, மீட்டமைப்பு மதிப்புக்குத் திருப்பிவிடுகிறோம்.

அளவுகள்

லிபர்ஆபிஸ் கால்க், எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. கீழே சூத்திரங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஏ, பி, ஜி, இஃப் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் இடுங்கள். எஃப் நெடுவரிசையில் பெயர்களையும் ஜி நெடுவரிசையில் மதிப்புகளையும் எழுதுங்கள்:

ஜி1: நேரப்படி, 0.1 (மில்லிவினாடி)
ஜி2: நேர மாறிலி, 10 (மில்லிவினாடி)
ஜி3: ஓய்வு மின்னழுத்தம், -65 (மில்லிவோல்ட்)
ஜி4: வாசல், -50
ஜி5: மீட்டமைப்பு, -65
ஜி6: மின்தடை, 100 (மெகாஓம்)
ஜி7: மின்னோட்டம், 0.2 (நானோஆம்பியர்)

அலகுகளில் கவனம் தேவை. மெகாஓமை நானோஆம்பியரால் பெருக்கினால் நேராக மில்லிவோல்ட் வரும் (10^6 × 10^-9 = 10^-3); இந்த அலகுகளைத் தேர்ந்ததே அதற்காகத்தான். இங்கே 100 × 0.2 = 20 மில்லிவோல்ட். ஆய்வுக் கட்டுரைகளில் இதே மின்னோட்டம் 200 பிகோஆம்பியர் என்று இருக்கலாம். அதைப் பார்த்து ஜி7இல் 200 என்று போட்டால் முதல் படியிலேயே வாசல் தாண்டி, ஒன்று விட்டு ஒரு வரிசையில் ஸ்பைக் வரும். ஆரம்பத்தில் வரும் தவறுகளில் பல அலகுத் தவறுகள்தான்.

சூத்திரங்கள்

முதல் வரிசையில் தலைப்புகள்: நேரம், மின்னழுத்தம், ஸ்பைக். ஏ2இல் 0, பி2இல் =ஜி3. பிறகு:

ஏ3: =ஏ2+$ஜி$1
பி3: =இஃப்(பி2>=$ஜி$4, $ஜி$5, பி2+$ஜி$1/$ஜி$2*($ஜி$3-பி2+$ஜி$6*$ஜி$7))
சி3: =இஃப்(பி3>=$ஜி$4, 1, 0)

காற்புள்ளியை மென்பொருள் ஏற்காவிட்டால் அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள். மூன்றையும் 2002ஆம் வரிசை வரை இழுத்தால் 2000 படிகள், அதாவது 200 மில்லிவினாடி. கூகுள் ஷீட்ஸில் புதிய தாள் 1000 வரிசையோடுதான் வரும், கீழே கூடுதல் வரிசைகள் சேர்க்க வேண்டும்.

இப்போது கையால் சரிபாருங்கள். முதல் படியில் மாற்றம் 0.01 × 20 = 0.2, ஆகவே பி3 -64.8. அடுத்த படியில் 0.01 × 19.8 = 0.198, ஆகவே பி4 -64.602. பி3 சரியாக வந்து பி4 தவறினால் எங்கோ ஒரு $ குறி விடுபட்டிருக்கிறது. அளவுகளின் முகவரியும் வரிசையோடு சேர்ந்து கீழே நகர்ந்துவிட்டது என்று பொருள்.

ஏ, பி நெடுவரிசைகளை வைத்து வரைபடம் போட்டால் ரம்பப்பல் போன்ற கோடு வரும். ஸ்பைக்கின் கூர்முனை இல்லையே என்று குழம்ப வேண்டாம். இந்த மாதிரியில் ஸ்பைக்கின் வடிவம் கிடையாது, அது நிகழும் நேரம் மட்டுமே உண்டு. படத்துக்காக முனை வேண்டுமென்றால், சி 1 ஆக இருக்கும் இடத்தில் 20 காட்டும் தனி நெடுவரிசை வையுங்கள். அந்த எண்ணைப் பி நெடுவரிசைக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள்.

காகிதத்தோடு ஒப்பிடுதல்

மின்னோட்டம் மாறாதிருந்தால் இந்தச் சமன்பாட்டுக்குத் துல்லியமான விடை இருக்கிறது. மீட்டமைப்பும் ஓய்வும் ஒன்றாக இருப்பதால், இரு ஸ்பைக்குகளுக்கு இடையிலான நேரம் = 10 × இயல் மடக்கை (20 / (20 - 15)) = 10 × 1.386 = 13.86 மில்லிவினாடி (15 என்பது ஓய்வுக்கும் வாசலுக்கும் உள்ள இடைவெளி). வினாடிக்கு 72.1 ஸ்பைக்.

விரிதாளில் முதல் ஸ்பைக் 13.8இல் (140ஆம் வரிசை), அடுத்தது 27.7இல். இடைவெளி 13.9. நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் சி நெடுவரிசையைக் கூட்டினால் 14 ஸ்பைக் வரும். அதை 0.2 வினாடியால் வகுத்தால் 70. மாதிரியில் பிழை இல்லை, எண்ணும் முறைதான் பருமனானது: 200 மில்லிவினாடிக்குள் ஒரு ஸ்பைக் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் 5 மாறும். விகிதத்தை இடைவெளியிலிருந்து கணக்கிடுங்கள்.

அடுத்து ஜி1ஐ 1 ஆக்கிப் பாருங்கள். இடைவெளி 15 ஆகி, விகிதம் 66.7க்கு இறங்கும். நியூரானில் எதையும் மாற்றவில்லை, கணக்கின் படியை மட்டும் பெரிதாக்கினோம். இன்னும் மோசமான நிலை வேண்டுமா? மின்னோட்டத்தை 0.1 ஆக்குங்கள். உண்மையில் மின்னழுத்தம் -55ஐ நெருங்கி நின்றுவிட வேண்டும், ஸ்பைக்கே வரக்கூடாது. நேரப்படியை 20 ஆக்கினால், முதல் படியிலேயே -45க்குத் தாவி, இல்லாத ஸ்பைக்கைக் காட்டும். படி நேர மாறிலியைவிடப் பெரிதானால் ஆய்லர் முறை (நாம் செய்யும் இந்தப் படிப்படியான கணக்கின் பெயர்) இலக்கைத் தாண்டிக் குதிக்கும். முடிவை நம்பும் முன் படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை கணிசமாக மாறினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது நியூரானை அல்ல.

ஓய்வுக் காலம்

உண்மையான நியூரான் ஸ்பைக் ஆனதும் சிறிது நேரம் மறுபடி ஸ்பைக் ஆக முடியாது. அதை 2 மில்லிவினாடி என்று கொள்வோம். மீதமுள்ள ஓய்வை நேரமாக, படிக்கு 0.1 வீதம் கழித்துக்கொண்டே வந்தால், 0.1ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாததால், கடைசியில் பூச்சியத்துக்குப் பதில் மிக நுண்ணிய எச்சம் நின்று ஒரு படி கூடிவிடலாம். எனவே படிகளாக எண்ணுங்கள். ஜி1ஐ 0.1க்கும் ஜி7ஐ 0.2க்கும் திருப்பி, ஜி8இல் 20 (படிகள்), டி2இல் 0 இட்டு:

டி3: =இஃப்(சி3=1, $ஜி$8, மேக்ஸ்(0, டி2-1))

பி3இன் முதல் நிபந்தனை பி2>=$ஜி$4 என்பதை டி2>0 என்று மாற்றி, மறுபடி கீழே இழுங்கள். கணக்குப்படி இடைவெளி 15.86, தாளில் 15.8. மின்னோட்டத்தை மாற்றிப் பாருங்கள்: 0.14இல் ஸ்பைக் இல்லை, 0.16இல் வினாடிக்கு சுமார் 34, 0.3இல் சுமார் 112, 0.5இல் சுமார் 180. எவ்வளவு ஏற்றினாலும் 500ஐத் தாண்டாது.

இரைச்சல்

இதுவரை நம் நியூரான் கடிகாரம் போல ஒரே சீராகத் துடிக்கிறது. மூளைப் புறணியின் நியூரான்கள் அப்படி இல்லை. விழித்திருக்கும் குரங்குகளின் பார்வைப் புறணிப் பதிவுகளை ஆராய்ந்து, இந்த ஒழுங்கின்மையை எளிய கூட்டல் மாதிரியால் விளக்க முடியவில்லை என்று ஆய்வாளர்கள் சாஃப்ட்கியும் கோக்கும் 1993இல் வாதிட்டது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்தக் கேள்வியை உங்கள் தாளிலேயே தொடலாம்.

இ நெடுவரிசையில் தற்செயல் எண்கள் தரும் =நார்ம்.எஸ்.இன்வ்(ரேண்ட்()) என்பதை (ஆங்கிலத்தில் NORM.S.INV, RAND) நிரப்புங்கள். ஜி9இல் இரைச்சலின் அளவு 3 (மில்லிவோல்ட்), ஜி7இல் 0.13. பி3இல் மின்னழுத்தப் பகுதியின் கடைசியில், இஃப்பின் மூடும் அடைப்புக்குறிக்கு முன், இதைச் சேருங்கள்:

+$ஜி$9*(2*$ஜி$1/$ஜி$2)^0.5*இ3

அந்த வர்க்கமூலம்தான் முக்கியம். தற்செயல் அசைவுகள் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்வதால், அவற்றின் பரவல் நேரத்தின் வர்க்கமூலமாக வளர்கிறது. நேரப்படியால் நேராகப் பெருக்கினால், படியைச் சிறிதாக்க ஆக்க இரைச்சலே மறைந்துபோகும்.

சோதிக்க, தாளை 20,000 வரிசைக்கு நீட்டி, வாசலைத் தற்காலிகமாக 0 ஆக்கி, முதல் 1000 வரிசையை விட்டுவிட்டுப் பி நெடுவரிசையின் திட்டவிலக்கம் காணுங்கள். 2.6க்கும் 3.4க்கும் இடையில் வந்தால் சரி. 0.4 அருகே வந்தால் வர்க்கமூலம் விடுபட்டிருக்கிறது.

ரேண்ட் ஒவ்வொரு திருத்தத்திலும் புது எண் தரும். நேற்றைய முடிவு இன்று கிடைக்காது. இ நெடுவரிசையை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுங்கள். முடிவோடு இந்தத் தாளையும் சேமித்தால் வேறொருவர் அதை அப்படியே மறுபடி பெற முடியும்.

வாசலை -50க்குத் திருப்பியதும், இரைச்சல் இல்லாமல் ஒருபோதும் துடிக்காத 0.13இல் ஸ்பைக்குகள் ஒழுங்கற்று வருவதைக் காண்பீர்கள். சி 1 ஆக உள்ள நேரங்களை வடிகட்டி வேறு தாளில் ஒட்டி, அடுத்தடுத்த வித்தியாசங்களை எடுத்து, திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் மாறுபாட்டுக் கெழு கிடைக்கும். சீரான துடிப்புக்கு 0, முற்றிலும் தற்செயலான பாய்சான் வரிசைக்கு 1. மின்னோட்டத்தை 0.2இலிருந்து 0.1 வரை குறைத்துக்கொண்டே வந்தால் கெழு 1ஐ நோக்கி ஏறும், விகிதமோ சரியும். நம்பத்தக்க மதிப்புக்குக் குறைந்தது 100 இடைவெளிகளாவது வேண்டும், அதற்கு 0.13இல் சுமார் 50,000 வரிசைகள் தேவைப்படும். தாள் தடுமாறத் தொடங்கும் இந்த இடத்தில் பைத்தானுக்கும் பிரையன் சிமுலேட்டருக்கும் மாறுங்கள். அங்கே முதலில் இதே அளவுகளைக் கொடுத்து, மின்னோட்டத்தை 0.2க்குத் திருப்பி, இரைச்சல் இல்லாமல் 15.8 அல்லது அதற்கு மிக அருகில் இடைவெளி வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு இரண்டாவது நியூரானைச் சேருங்கள்.