38 வயதில் நேர்சிங்: ரொறன்ரோவில் எந்தப் படிப்பை எடுப்பது?

ரொறன்ரோவில் வந்து இறங்கி, ஸ்காபரோவில் யாருடைய பேஸ்மென்டிலாவது குடியேறி இரண்டு மாதம் ஆவதற்குள் ஒருவர் உங்களிடம் சொல்லியிருப்பார்: "பி.எஸ்.டபிள்யூ. எடு தங்கச்சி, ஆறேழு மாசத்திலை வேலை." பேர்சனல் சப்போர்ட் வேர்க்கர், அதாவது முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கிற வேலைக்கான படிப்பு அது. எனக்கும் சொன்னார்கள், நானும் எடுத்தேன், வேலையும் கிடைத்தது, அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு தனியார் பள்ளியில் காசு கட்டி எடுத்த அந்தச் சான்றிதழ், எட்டு வருடம் கழித்து நான் நேர்சிங் படிக்கப் போனபோது ஒரு பாடத்துக்குக்கூடக் கணக்கில் எடுக்கப்படவில்லை. முதல் செமஸ்டரில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு நின்று கட்டில் விரிக்கப் பழகினேன், எட்டு வருடமாக ஒரு நாளைக்குப் பத்துக் கட்டில் விரித்த ஆள்.

பி.எஸ்.டபிள்யூ. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாடகை கட்ட வேண்டும், பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டும், அதற்கு அது நல்ல வேலை. நேர்சிங்குக்கு அதுதான் முதல் படி என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். ஒன்ராறியோவில் நேர்ஸ் என்றால் இரண்டு வகை. ஆர்.பி.என். (ரெஜிஸ்டர்ட் பிராக்டிகல் நேர்ஸ்) என்பது கொலிஜில் இரண்டு வருட டிப்ளோமா, முடிவில் ரெக்ஸ் பி.என். என்ற பரீட்சை, அது 2022இல் இருந்து வந்தது. ஆர்.என். (ரெஜிஸ்டர்ட் நேர்ஸ்) என்பது நான்கு வருடப் பட்டம், முடிவில் அமெரிக்காவில் எழுதும் அதே என்கிளெக்ஸ் பரீட்சை, இங்கே 2015இல் இருந்து. 2005இல் இருந்து இந்த மாகாணத்தில் படித்துப் புதிதாக ஆர்.என். ஆகிறவர்கள் பட்டம் வைத்திருக்க வேண்டும், டிப்ளோமாவோடு ஆர்.என். ஆன காலம் போய்விட்டது. இரண்டு வகைக்கும் உரிமம் கொடுப்பது கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ. பெயரில் கொலிஜ் என்று இருப்பதால் அங்கே போய்ப் படிக்கலாம் என்று நினைத்து விண்ணப்பம் தேடிய ஆட்களை எனக்குத் தெரியும் (அதில் ஒருத்தி நான்). அது பள்ளிக்கூடம் இல்லை, உரிமம் கொடுக்கிற, பிழை விட்டால் அதைப் பறிக்கிற அமைப்பு.

அந்த நாளில் எங்கள் மேல்மாடியில் ஒரு அக்கா இருந்தார், டயாலிசிஸ் பிரிவில் நேர்ஸ். "எந்தக் கொலிஜ் நல்லது அக்கா?" என்று கேட்டேன். அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. "முதல்லை உன்ரை பேப்பர் எல்லாத்தையும் மேசையிலை கொண்டு வந்து போடு, பிறகு கதைப்பம்" என்றார். இப்போது யார் என்னிடம் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்பது கடைசிக் கேள்வி, கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

மேசையில் ஒரு நேர்சிங் சான்றிதழ் இருந்தால், அது இலங்கையின் மூன்று வருட தாதியர் டிப்ளோமாவோ தமிழ்நாட்டு பி.எஸ்சி. நேர்சிங்கோ எதுவானாலும், முதலாம் வருடத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். நேரே அந்த உரிமம் கொடுக்கும் அமைப்பிடம் உங்கள் படிப்பை மதிப்பிடக் கொடுங்கள். எது குறைகிறது என்று அவர்கள் சொல்லட்டும், அந்தக் குறையை மட்டும் நிரப்புங்கள். வெளிநாட்டில் படித்த நேர்ஸ்களுக்கென்றே ரொறன்ரோவில் கெயார் சென்ரர் என்ற அமைப்பு இருக்கிறது, யோர்க் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கெனத் தனிப் பட்டப்படிப்பும் உண்டு. ஊரில் பன்னிரண்டு வருடம் வார்டில் நின்ற ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள் என்று ஒன்றும் விசாரிக்காமல் பி.எஸ்.டபிள்யூ. வகுப்பில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

மேசையில் வேறு ஒரு பட்டம் இருந்தால், யாழ்ப்பாணத்தில் எடுத்த பி.எஸ்சி. என்று வையுங்கள், உங்களுக்குக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் நேர்சிங் பட்டமே ஏற்கெனவே பல்கலைக்கழகம் படித்தவர்களுக்கான இரண்டு வருடப் படிப்புத்தான். ஹமில்டனில் மக்மாஸ்டரிலும் துரிதப் பிரிவு உண்டு. இரண்டு வருடம் என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம், நான்கு வருடத்தை இரண்டுக்குள் அடைத்திருக்கிறார்கள், கோடை விடுமுறை என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. உடற்றொழிலியலும் புள்ளிவிபரவியலும் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். உங்கள் பழைய பட்டத்தில் அவை இல்லாவிட்டால் ஒரு வருடம் அதற்கே போகும்.

பிறகு என்னைப் போல ஏ.எல். (உயர்தரம்) மட்டும் வைத்திருப்பவர்கள், அல்லது ஓ.எல்லோடு (சாதாரண தரம்) கலியாணம் கட்டி வந்தவர்கள். நம்மில் அதிகம் பேர் இங்கேதான். பள்ளிகள் 12ஆம் வகுப்பு ஆங்கிலம், உயிரியல், இரசாயனம், கூடவே கணிதம் கேட்கும். ஏ.எல். பயோ செய்தவர்கள் வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் வெஸ் அல்லது ஐகாஸ் என்ற நிறுவனங்கள் மூலம் மதிப்பீடு எடுத்துப் பார்க்கலாம், ஆனால் எந்த அறிக்கையை ஏற்பார்கள் என்று பள்ளியிடம் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள். இல்லாதவர்கள் பள்ளிச் சபையின் வளர்ந்தோர் உயர்பள்ளியில் அந்தப் பாடங்களை எடுக்கலாம், மாகாணக் கல்வித் தொலைக்காட்சியான ரி.வி.ஓ. நடத்தும் ஐ.எல்.சி. என்ற தொலைக்கல்வி மூலம் வீட்டிலிருந்தும் செய்யலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே ஒரே பாடம் யூ என்றும் சி என்றும் இரண்டு தரத்தில் வரும், யூ பல்கலைக்கழகத்துக்கு, சி கொலிஜுக்கு. சி சுகம் என்று எடுத்துப் புள்ளியை அள்ளிவிட்டு, பட்டப்படிப்புக்குப் போடும்போது அது செல்லாது என்று தெரிந்து மறுபடி யூ எடுத்தவர்கள் உண்டு. பிந்தி மனம் மாறலாம் என்று தோன்றினால் கூட யூவையே எடுத்து வையுங்கள். இன்னொன்று, இணையத்தளத்தில் ஆகக் குறைந்த புள்ளி என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள், நேர்சிங்குக்கு அடிபிடி அதிகம், உள்ளே போகிறவர்களின் புள்ளி அதைவிட நல்ல உயரத்தில் இருக்கும். சில இடங்களில் காஸ்பர் என்றொரு பரீட்சையும் எழுதச் சொல்வார்கள். ஒரு சிக்கலான நிலைமையைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்கும், வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியாவிட்டால் அதிலேயே பாதி போச்சு.

சரி, இரண்டு வருட ஆர்.பி.என்.னா, நான்கு வருட ஆர்.என்.னா? ஆர்.பி.என். முடித்துவிட்டு பிறகு பிரிட்ஜ் என்ற இணைப்புப் படிப்பைச் செய்து ஆர்.என். ஆகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். டர்ஹம் கொலிஜோடு சேர்ந்து ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பாதை இருக்கிறது, நிப்பிசிங் பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்க விடுகிறது. ஆனால் வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். டிப்ளோமா, இடையில் வேலை, பிறகு பிரிட்ஜ் என்று எல்லாம் சேர்த்தால் நேரே நான்கு வருடம் இருப்பதை விட நீளம். வீட்டில் இன்னொரு சம்பளம் நிலையாக வருகிறது, பிள்ளைகளைப் பார்க்க அம்மாவோ மாமியோ இருக்கிறார் என்றால் நேரே பட்டத்துக்குப் போங்கள். தனி ஆளாக வாடகை கட்டுகிறீர்கள், நான்கு வருடம் தாக்குப்பிடிக்க முடியாது என்றால் ஆர்.பி.என்., அதில் எந்த வெட்கமும் இல்லை. நான் அந்த வழியால்தான் போனேன். இரண்டாம் வருட முடிவில் கையில் ஒரு உரிமம் இருந்ததால்தான் மீதியைப் படிக்கத் தைரியம் வந்தது.

பள்ளியின் பெயருக்கு நம் ஆட்கள் கொடுக்கிற மதிப்பு கொஞ்சம் கூடுதல். முன்பு கொலிஜ்கள் பட்டப்படிப்பை ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் நடத்த வேண்டியிருந்தது, 2020இல் மாகாண அரசு அவை தனியாகவே நேர்சிங் பட்டம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. அதனால் சென்ரெனியல், செனெக்கா, ஹம்பர், ஜோர்ஜ் பிரவுன் போன்ற கொலிஜ்களிலும் இப்போது பட்டம் எடுக்கலாம். யோர்க்கில் படித்தாலும் சென்ரெனியலில் படித்தாலும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ், கிடைப்பது ஒரே உரிமம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் படிப்பு உரிமம் கொடுக்கும் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? பட்டியல் அவர்களுடைய இணையத்தளத்திலேயே இருக்கிறது. பிளாசா மாடியில் அறை எடுத்து நடத்துகிற இடமோ, இணையவழி வெளிநாட்டுப் பட்டமோ, பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஒரு டொலர் கூடக் கட்டாதீர்கள், கதவைத் திறந்து தமிழில் வணக்கம் சொன்னாலும் சரி.

பெயரை விட முக்கியமானது கிளினிக்கல், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி. வகுப்புப் பாடம் எப்படியும் ஓடிவிடும், குடும்பத்தோடு படிக்கிறவர்களை விழுத்துவது இதுதான். ஆஸ்பத்திரியில் பயிற்சி காலை ஏழு மணிக்குத் தொடங்கும், மேல் வருடங்களில் ஏழில் இருந்து ஏழு வரை பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டி வரும். எந்த ஆஸ்பத்திரி என்பது உங்கள் கையில் இல்லை, பள்ளி எங்கே போடுகிறதோ அங்கே. வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி என்று எடுத்துவிட்டு, நகரத்தின் மறு கரையில் பயிற்சி கிடைத்து, விடிய நாலரைக்கு எழும்பிப் பனியில் பஸ் பார்த்து நின்ற வருடம் எனக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுந்தால் இன்னும் மோசம், அன்று சப்வே எட்டு மணியளவில்தான் ஓடத் தொடங்கும். ஆகவே பள்ளியைப் பார்க்க எல்லோரையும் விடும் திறந்த நாளில் போய், நூலகம் எவ்வளவு அழகு என்று பார்க்காமல் இதைக் கேளுங்கள்: கிளினிக்கல் எந்தெந்த ஊரில் நடக்கும், வாரத்தில் எத்தனை நாள், வார இறுதியிலும் உண்டா, அட்டவணை எத்தனை நாளைக்கு முன்னால் கைக்கு வரும், ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எடுக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா. கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம். கேளுங்கள். பல இடங்களில் நேர்சிங் பாடத்துக்கு ஐம்பது எடுத்தால் போதாது, மருந்துக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு கேட்பார்கள், ஒரே பாடத்தில் இரண்டு தரம் தவறினால் வெளியே அனுப்புகிற இடங்களும் உண்டு.

கிளினிக்கலுக்கு முன்னால் ஒரு கட்டுப் பத்திரம் கேட்பார்கள்: பொலிஸ் சான்று, சி.பி.ஆர். முதலுதவிச் சான்று, முகக்கவசப் பொருத்தப் பரிசோதனை, தடுப்பூசிகள். ஹெப்படைட்டிஸ் பி மூன்று ஊசியும் போட்டு முடிக்க ஆறு மாதம் எடுக்கும், அனுமதிக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும். காசநோய்த் தோல் பரிசோதனையில் நம்மவர்களுக்குக் கை வீங்கலாம். சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி அதற்கு ஒரு காரணமாக இருக்கும். பயப்படாதீர்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், அதற்கும் நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு. நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும், அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் ஓசாப் என்ற மாகாண மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அகதி வழக்கு இன்னும் முடியாதவர்களுக்கு அது கிடைக்காது. பிள்ளைகள் இருந்தால் கணக்கில் எடுப்பார்கள். வேலைக்காக ஒரு பாடத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது கவனம், முழு நேரச் சுமையில் 60 வீதத்துக்குக் கீழே இறங்கினால் நீங்கள் முழுநேர மாணவர் இல்லை, உதவித்தொகையில் கை வைப்பார்கள். ரொறன்ரோவை விட்டுப் போகத் தயார் என்றால் லேர்ன் அன்ட் ஸ்ரே என்ற மாகாண உதவி இருக்கிறது. வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் குறிப்பிட்ட படிப்புகளுக்கு அது கல்விக் கட்டணத்தைக் கட்டும், பதிலுக்குப் படித்த பகுதியிலேயே கொஞ்சக் காலம் வேலை செய்ய வேண்டும். வடக்கில் இருக்கிற தண்டர் பேயில் தோசை மா தேடுவது கஷ்டம்தான், ஆனால் கடன் இல்லாமல் வெளியே வருவது சின்ன விஷயமா?

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று. எனக்குப் பெரிய சொல் எல்லாம் தெரிந்திருந்தது, சின்னச் சொல்தான் தெரியவில்லை. சிறுநீரகத்தின் எல்லாப் பாகத்தையும் ஆங்கிலத்தில் எழுதுவேன், ஒரு கிழவர் தனக்கு மூத்திரம் வருகிறது என்று அவருடைய பேச்சில் சொன்னபோது விளங்காமல் முழித்தேன். புத்தகத்தில் இல்லாத அந்த ஆங்கிலம் வேலைத்தளத்தில்தான் வரும், பி.எஸ்.டபிள்யூ. செய்த எட்டு வருடம் வீணில்லை என்று சொல்வதென்றால் இதற்காகத்தான் சொல்வேன். கட்டுரை எழுதும்போது ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் முறையில் முற்றுப்புள்ளி மாறினாலும் புள்ளி வெட்டுவார்கள், எழுத்து உதவி மையம் இலவசம், முதல் வாரமே போய் இடம் பிடியுங்கள்.

வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பரீட்சைக் கிழமையில்தான் யாருக்காவது சாமத்திய வீடு வரும், ஹோலுக்கு வராவிட்டால் "பெரிய படிப்பு" என்று ஒரு கதை வரும். "இந்த வயசிலை படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்ட மாமாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. போன வருடம் அவருக்கு வீட்டில் இன்சுலின் போடப் பழக்கிக் கொடுத்தது நான்தான்.

கொலிஜ் விண்ணப்பங்களுக்கு பெப்ரவரி 1 முக்கியமான நாள், அதற்குள் போட்டவர்களைத்தான் முதலில் சமமாகப் பார்ப்பார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஊரில் நீங்கள் படித்த பல்கலைக்கழகம் நேரே அனுப்ப வேண்டிய பத்திரத்துக்கு மாதங்கள் போகும், ஊரில் அலுவலகத்துக்கு நடந்து போய்க் கேட்கக்கூடிய ஒரு ஆள் வேண்டும். இடம்பெயர்வில் ஏ.எல். சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று கைவிடாதீர்கள், பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றை மீண்டும் எடுக்கலாம், எழுதிய வருடமும் சுட்டெண்ணும் தெரிந்திருந்தால் வேலை சுகம். சுட்டெண் ஞாபகம் இல்லையா, இன்றிரவு பிள்ளைகள் படுத்த பிறகு ஊருக்கு ஒரு கோல் எடுத்து அம்மாவின் அலுமாரியைப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே அப்போது விடிந்திருக்கும்.